மாடுலர் சிந்த்ல பேஸ் பத்தலையா? ஆக்டேவை இறக்குறதை முதல்ல நிறுத்துங்க

மாடுலர் சிந்த் (தனித்தனி மாட்யூலைக் கேபிளால இணைச்சு சத்தம் உண்டாக்குற கருவி) வாங்குன புதுசுல பேஸ், அதாவது அடிச்சத்தம், பத்தலன்னா எல்லாரும் பண்றது ஒண்ணுதான், ஆசிலேட்டரை (சுருதியை உண்டாக்குற மாட்யூல்) ஆக்டேவ் ஆக்டேவா, அதாவது ஸ்தாயி ஸ்தாயியா, கீழ இறக்கிட்டே போறது. நானும் 27 ஹெர்ட்ஸ் வரைக்கும் போயிட்டு ஒண்ணுமே கேக்கலையேன்னு கேபிளை மாத்தி மாத்தி சொருகிட்டு இருந்தேன், கடைசில பார்த்தா சிக்னல் நல்லாத்தான் வந்துட்டிருக்கு, என் டேபிள் ஸ்பீக்கருக்குத்தான் அதை வாசிக்கத் தெம்பு இல்ல. நாலு கம்பி பேஸ் கிட்டார்ல இருக்குற தடியான கம்பியே 41 ஹெர்ட்ஸ்தான் சார், அதுக்குக் கீழ போய் என்ன பண்ணப்போறோம்?

இன்னொண்ணு, சுத்தமான சைன் வேவ் (ஒரே அதிர்வெண் மட்டும் இருக்குற அலை) மட்டும் வெச்சா போன்ல சுத்தமா காணாமப் போயிடும். கொஞ்சம் சாச்சுரேஷனோ வேவ்ஃபோல்டரோ (ரெண்டும் அலையோட வடிவத்தை மாத்துறதுதான்) போட்டு மேல ஹார்மோனிக்ஸ் (அடிநாதத்தோட மடங்கா வர்ற ஒலிகள்) வர வெச்சீங்கன்னா, அடிநாதம் ஸ்பீக்கர்ல வராட்டியும் நம்ம காதே அதை ஊகிச்சுக்கும்.

அடுத்தது டீட்யூன். மெலடி வாசிக்கிற லீட் சவுண்டுக்கு ரெண்டு ஆசிலேட்டரை லேசா விலக்கி வெச்சா அழகா இருக்கும், அதையே பேஸ்ல பண்ணா மாட்டிக்குவீங்க. ஒண்ணு 55, இன்னொண்ணு 55.5 ஹெர்ட்ஸ்னு வைங்க, ரெண்டு செகண்டுக்கு ஒருதடவை ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கிட்டு பேஸ் அமுங்கி அமுங்கி எழும்பும், நாம என்னடான்னா வி.சி.ஏ (சத்தத்தோட அளவை ஏத்தி இறக்குற மாட்யூல்) கெட்டுப்போச்சுன்னு சந்தேகப்படுவோம். அடில ஒரே ஆசிலேட்டர், இல்ல அதுலேர்ந்தே பிரிச்சு எடுத்த சப் ஆக்டேவ், அவ்ளோதான். விலக்குறதெல்லாம் மேல் ஆக்டேவ்ல வெச்சுக்கோங்க.

மூக் கம்பெனி சிந்த்ல வர்ற மாதிரி லேடர் ஃபில்டர் (மேல் அதிர்வெண்களை வெட்டுற மாட்யூல்) வெச்சிருக்கவங்க கவனிங்க, ரெசனன்ஸை (வெட்டுற இடத்தைத் தூக்கிக் காட்டுற குமிழ்) ஏத்த ஏத்த கீழ் சத்தம் மெலிஞ்சுக்கிட்டே போகும், அந்த சர்க்யூட்டோட குணமே அது. ரெசனன்ஸும் வேணும் பேஸும் வேணும்னா, அதே ஆசிலேட்டரோட சைனை ஃபில்டருக்குள்ள விடாம நேரா மிக்சருக்குக் கொண்டு போங்க, ரெண்டும் சேர்ந்ததும் மெலிஞ்சா ஒரு பக்கத்தை இன்வெர்ட் பண்ணி, அதாவது அலையைத் தலைகீழாக்கிப் பாருங்க.

என்வலப்ல (சத்தம் ஏறி இறங்குற விதத்தைத் தீர்மானிக்கிற மாட்யூல்) அட்டாக்கை, அதாவது சத்தம் ஏற எடுக்குற நேரத்தை, ஜீரோல வெச்சுட்டு டிக் டிக்னு சத்தம் வருதேன்னு புலம்பாதீங்க. 40 ஹெர்ட்ஸ்ல ஒரு சுத்துக்கே 25 மில்லிசெகண்ட் ஆகும், நடுவுல பட்டுனு திறந்தா டிக்குன்னுதான் கேக்கும். சில பேருக்கு அந்த டிக்தான் பிடிக்கும், எனக்கும்தான், ஆனா அது தெரிஞ்சு வெச்சதா இருக்கணும். சத்தம் அடங்க எடுக்குற நேரமான ரிலீஸும் அப்படித்தான்.

யூரோராக் (மாடுலர்ல ரொம்பப் பரவலான வகை) சிக்னல் உச்சிலேர்ந்து அடிவரைக்கும் 10 வோல்ட் பக்கம் இருக்கும், குறைக்காம ஆடியோ இன்டர்ஃபேஸ்ல சொருகினா கரகரன்னு கிழியும். ரிவெர்ப், கோரஸ் மாதிரி எஃபெக்ட் எதையும் அடில போடாதீங்க, இடது வலதுன்னு பிரியாம மோனோவா இருக்கட்டும்.

ட்யூனிங்குக்கு ஒரு வழி சொல்றேன். அனலாக் ஆசிலேட்டர்னா அரைமணி நேரம் சூடாக விடுங்க, அப்புறம் ரெண்டு ஆக்டேவ் மேல ஏத்தி வெச்சு காதால ட்யூன் பண்ணிட்டு கீழ இறக்குங்க. அடிலயே வெச்சுப் பண்ணா காதுக்குப் பிடிபடவே படாது.