எத்தனை மூட்டை, எந்தக் கடை, யாருக்கு முதல் போன்?

பினாங்கு லிட்டில் இந்தியாவில் சித்தப்பாவின் மளிகை மொத்தக் கடைக்குக் கணக்கும் கொள்முதலும் பார்ப்பது என் வேலை. போன வருடம் ஒரு மென்பொருள் விற்பனையாளர் வந்து, ஃபோர்காஸ்டிங், பிரெடிக்டிவ் மாடலிங், பிரெடிக்டிவ் அனலிடிக்ஸ் என்று மூன்றுக்கும் தனித்தனி மாதக் கட்டணம் போட்ட விலைப்பட்டியலை நீட்டினார். “மூணும் ஒண்ணுதானேம்மா? வரப்போறதச் சொல்றதுதானே?” என்றார் சித்தப்பா. அவருக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

மென்பொருளைத் தொடுவதற்கு முன் கேள்வியை ஒரு தாளில் எழுதுங்கள். “தீபாவளிக்கு முந்திய வாரம் உளுந்து எத்தனை மூட்டை போகும்?” என்பது காலத்தோடு ஓடும் கேள்வி, அது ஃபோர்காஸ்டிங். “கூலிம் கடைக்குப் போட்ட இந்த பில்லுக்குப் பணம் தாமதமாகுமா?” என்று ஒவ்வொரு பில்லுக்கும் தனிப் பதில் கேட்டால், அது மாடலிங். கிடைத்த பதிலை வைத்து யார் என்ன செய்வது, அதற்கு என்ன செலவு, செய்ததில் பலன் இருந்ததா என்பது வரை கட்டி முடிக்கும் முழு வேலையும் அனலிடிக்ஸ். முதல் இரண்டும் அதற்குள் வரும் கருவிகள்.

எக்ஸெல் தாளைப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஃபோர்காஸ்டிங் தாளில் ஒரு பக்கம் வாரம், பக்கத்தில் விற்பனை. வரிகளை இடம் மாற்றினால் எல்லாம் போச்சு. மாடலிங் தாளில் ஒரு வரிக்கு ஒரு பில்: கடை எந்த ஊர், எத்தனை நாள் தவணை, என்ன தொகை, அதற்கு முன் எத்தனை பில் இழுத்தடித்தார்கள், கடைசியில் இந்த பில் தாமதமா இல்லையா. ஒவ்வொரு வரியும் தன் கதையைத் தானே சொல்லும்.

எங்களைப் போன்ற கடைகளுக்கு முதல் தேவை ஃபோர்காஸ்டிங்தான். எக்ஸெல் 2016 முதல் டேட்டா பகுதியில் ‘ஃபோர்காஸ்ட் ஷீட்’ என்ற பொத்தான் இருக்கிறது. அதன் அடியில் ஓடுவது எக்ஸ்பொனென்ஷியல் ஸ்மூத்திங். 1957-இல் ஹோல்ட், 1960-இல் வின்டர்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எழுதிய வழியில் வந்த கணக்கு அது. அண்மை விற்பனைக்கு அதிக எடை, பழையதற்குக் குறைந்த எடை. அதோடு வருடாவருடம் திரும்பும் ஏற்ற இறக்கத்தையும் சேர்த்துக்கொள்ளும்.

நம் ஊரில் சிக்கல் அந்த ‘வருடாவருடம்’ என்பதில்தான். தீபாவளி 2023-இல் நவம்பர் 12, 2024-இல் அக்டோபர் 31, 2025-இல் அக்டோபர் 20. முறுக்கு மாவும் நெய்யும் பறக்கும் வாரங்கள் ஒரு வருடம் நவம்பருக்குள் நீள்கின்றன, இன்னொரு வருடம் அக்டோபர் பாதியிலேயே உச்சத்துக்கு வந்துவிடுகின்றன. அக்டோபரை அக்டோபரோடு ஒப்பிடும் கணக்குக்கு இது எப்படித் தெரியும்? நோன்புப் பெருநாள் வருடத்துக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னே நகரும். தைப்பூசம் 2024-இல் ஜனவரி 25, 2025-இல் பிப்ரவரி 11. பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் ரதத்தின் முன் உடைபடும் தேங்காய்களை ஜனவரிக் கணக்கில் வைப்பதா, பிப்ரவரிக் கணக்கில் வைப்பதா?

அதனால் மாதக் கணக்கை விட்டு வாரக் கணக்குக்கு வாருங்கள். ‘தீபாவளிக்கு இன்னும் எத்தனை வாரம்’ என்று தாளில் ஒரு பத்தியை (நெடுவரிசையை) சேர்த்து, மற்றப் பெருநாள்களுக்கும் அப்படியே செய்து, அந்தந்தத் தொலைவிலுள்ள வாரங்களை ஒப்பிடுங்கள். 2020 மார்ச் 18-இல் கோவிட்டுக்காகத் தொடங்கிய நடமாட்டக் கட்டுப்பாட்டுக் கால வாரங்களுக்குத் தனிக் குறி போடுங்கள். சரக்கு தீர்ந்துபோய் விற்காத வாரங்களுக்கும் ஒரு குறி அவசியம். அந்த வாரம் பூஜ்யம் என்று பதிவாகியிருந்தால், யாருமே கேட்கவில்லை என்று கணக்கு நினைத்துக்கொள்ளும். கேட்டவர்களை வெறுங்கையோடு அனுப்பியது கடைப் பையனுக்குத்தான் தெரியும்.

எவ்வளவு தூரம் முன்னால் பார்க்க வேண்டும் என்பதைக் கப்பல் முடிவு செய்யும். சென்னையில் ஆர்டர் போட்டு கன்டெய்னர் பட்டர்வொர்த் துறைமுகத்தில் இறங்கிக் கடைக்கு வர எத்தனை வாரமோ, அத்தனை வாரம் முன்னால் கணக்கு சரியாக வந்தால்தான் உபயோகம். அடுத்த வாரத்தை அச்சாகச் சொல்லும் ஃபோர்காஸ்ட் எனக்கு எதற்கு?

அப்புறம், போன வருடம் இதே பெருநாள் வாரம் விற்றதை அப்படியே எடுத்துப் பக்கத்தில் எழுதி வையுங்கள். புதிய கணக்கு அதை முந்தாவிட்டால் காசு கட்டாதீர்கள். 1982-இல் மாக்ரிடாகிஸ் என்ற ஃபோர்காஸ்டிங் ஆய்வாளர், நம் வார விற்பனை போலக் காலவரிசையில் அடுக்கிய 1001 எண் தொடர்களை வைத்து நடத்திய போட்டியில், சிக்கலான முறைகள் எளிய முறைகளைவிடச் சிறப்பாகத்தான் வரும் என்று சொல்ல முடியாமல் போனது.

மாடலிங்குக்கு வருவோம். தாமத பில்லுக்கு லாஜிஸ்டிக் ரிக்ரெஷன் என்ற எளிய புள்ளியியல் முறை தாராளமாகப் போதும். ஒவ்வொரு பில்லுக்கும் 0-இலிருந்து 1-க்குள் ஒரு வாய்ப்பு எண் தரும். நேரம் செலவாவது தாளைச் சுத்தம் செய்வதில்தான்: ஒரே கடை மூன்று எழுத்துக்கூட்டலில் கிடக்கும். அதைவிட ஆபத்து, பிறகு நடந்தது முன்னதாகவே உள்ளே நுழைந்துவிடுவது. ‘நினைவூட்டல் அனுப்பிய தேதி’ என்ற பத்தியைச் சேர்த்தால் மாடல் பிரமாதமாகச் சொல்லும். சொல்லாமல் என்ன, தாமதமான பிறகுதானே நினைவூட்டலே போகிறது! பில் எழுதிய அன்று தெரிந்த விவரம் மட்டும் தாளில் இருக்கட்டும். சோதிக்கும்போதும் பழைய பில்களில் கற்பித்து, பிந்திய மாதங்களில் சோதியுங்கள். ‘தொண்ணூறு சதவீதம் சரி’ என்று யாராவது சொன்னால் மயங்க வேண்டாம். நூற்றுக்குத் தொண்ணூறு பில் நேரத்துக்கு வரும் கடையில், “எல்லாம் வந்துவிடும்” என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே அந்தத் தொண்ணூறு கிடைக்கும்.

இனி எண்ணை வைத்து என்ன செய்வது? வசூல் பார்க்கும் அக்காவால் எல்லாருக்கும் போன் போட முடியாது. 5000 வெள்ளி (ரிங்கிட்) பில்லுக்குத் தாமத வாய்ப்பு 0.3 என்றால் பெருக்கினால் 1500; 800 வெள்ளி பில்லுக்கு 0.8 என்றால் 640. வாய்ப்பு குறைவாக இருந்தாலும் முதல் போன் பெரிய பில்லுக்குத்தான். ஆனால் தாமதமாகப் போகிறவர் எல்லாரும் போன் போட்டதால் மாறுபவர்கள் அல்ல. சிலர் மாதக் கடைசியில் எப்படியும் கட்டிவிடுவார்கள். அவர்களிடம் பேசும் நேரம் வீண். மாடல் இதைச் சொல்லாது. பட்டியலில் சில கடைகளைக் குலுக்கலில் எடுத்து, போன் போடாமல் விட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

“கடன்காரனை வேணும்னே விடணுமா? நல்லா இருக்கு!” என்று சித்தப்பா ஒத்துக்கொள்ளவே இல்லை. கடைசியில் 500 வெள்ளிக்குக் கீழ் உள்ள பில்களில் மட்டும் செய்து பார்க்கலாம் என்று முடிவானது.