பிக்கப் வண்டியில் ஹெட் கேஸ்கட் மாற்றுவது எப்படி?

காரைக்குடிப் பக்கம் பிக்கப் ஓட்டுகிறவர்களுக்கு ஹெட் கேஸ்கட், அதாவது இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவில் கசிவைத் தடுக்கும் தகடு, போவது புதிய சங்கதி இல்லை. வண்டி நிறைய ஆத்தங்குடிக் கல், மேலே சித்திரை வெயில், ரேடியேட்டருக்குள் போர் தண்ணீர். அந்தத் தண்ணீரின் உப்பு உள்ளே செதிலாகக் கட்டிக்கொள்ளும். சூடு வெளியேறாமல் ஹெட் வளையும், கேஸ்கட் விட்டுப்போகும். கேஸ்கட்டை மட்டும் மாற்றி அனுப்பினால் அதே வண்டி பட்டறைக்குத் திரும்பி வரும்.

முதலில் கேஸ்கட்தான் போயிருக்கிறதா என்று பாருங்கள். இன்ஜின் நன்றாக ஆறியபின் ரேடியேட்டர் மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்யுங்கள். குமிழி விடாமல் வந்தால் சிலிண்டர் காற்று தண்ணீர்ப் பாதைக்குள் போகிறது. ஆயில் ஸ்டிக்கில் பால் விட்ட காபி நிறம் தெரிந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது, கேஸ்கட் மேல் சந்தேகம் வலுக்கும். சூடாக இருக்கும்போது மட்டும் மூடியைத் தொடாதீர்கள், கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

இங்கே சொல்வது புஷ் ராடு (கீழே இருக்கும் கேம் ஷாப்ட்டின் அசைவை மேலே வால்வுக்குக் கொண்டுபோகும் கம்பி) உள்ள 4 சிலிண்டர் டீசல் இன்ஜினுக்கு. கேம் ஷாப்ட் ஹெட்டிலேயே இருக்கும் வண்டியில் டைமிங் குறி தப்பினால் வால்வு பிஸ்டனில் மோதிவிடும். புதிதாகக் கற்கிறவர்கள் அதில் கைவைக்க வேண்டாம்.

கழற்றுதல்

பேட்டரி நெகட்டிவ் வயரை எடுங்கள். தண்ணீரையும் ஆயிலையும் வடித்துவிட்டு ஹோஸ், மேனிஃபோல்டு, டீசல் பைப்புகளைக் கழற்றுங்கள். நாசில் (சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சும் முனை) பைப் முனைகளில் உடனே பாலிதீன் சுற்றி ரப்பர் பேண்டு போடுங்கள். ஒரு மணல் துகள் போதும், நாசில் அடைத்துக்கொள்ள.

அடுத்து ராக்கர், அதாவது வால்வை அழுத்தும் கை. பிறகு புஷ் ராடுகள். ஒரு அட்டைப்பெட்டி மூடியில் எட்டு ஓட்டை குத்தி 1 முதல் 8 வரை எழுதி, உருவ உருவ அதனதன் ஓட்டையில் செருகிவிடுங்கள். எது எங்கே தேய்ந்ததோ அங்கேயே திரும்பப் போக வேண்டும்.

ஹெட் போல்ட்டுகளை ஓரத்திலிருந்து நடுவுக்கு, ஒவ்வொன்றாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். ஒரே பக்கமாகக் கழற்றினால் நல்ல ஹெட்டும் வளையும். தூக்க இரண்டு பேர் வேண்டும். நாசில் முனை கீழே நீட்டிக்கொண்டிருக்கும், அதனால் மரக்கட்டைகள் மேல் வையுங்கள்.

பார்த்தல்

பழைய கேஸ்கட்டைப் பிளாஸ்டிக் சுரண்டியால் எடுங்கள். எமரி போடாதீர்கள், அந்தத் தூள் பேரிங்கைத் தின்றுவிடும். நேர்க்கோல் ஒன்றை ஹெட்டின் குறுக்கும் நெடுக்கும் வைத்து அடியில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) விட்டுப் பாருங்கள். 0.1 மி.மீ. தகடு நுழைந்தாலே பொதுவாக லேத்துக்கு அனுப்பி ஃபேசிங் செய்ய, அதாவது முகத்தைச் சீவிச் சமமாக்க, வேண்டியதுதான். சரியான அளவை உங்கள் வண்டியின் மேனுவல் சொல்லும். விரிசல் சோதனையும் லேத்திலேயே செய்யச் சொல்லுங்கள்.

பல டீசல் கேஸ்கட்டுகளின் ஓரத்தில் சிறு வெட்டுகள் இருக்கும். அவை தடிமனின் குறி. பழையதை எறியாமல் கடைக்குக் கொண்டுபோய் அதே குறியுள்ளதை வாங்குங்கள்.

பூட்டுதல்

போல்ட் ஓட்டைகளில் தேங்கிய எண்ணெயையும் தண்ணீரையும் காற்றடித்து எடுங்கள். விட்டுவிட்டால் இறுக்கும்போது பிளாக்கிலேயே விரிசல் விழலாம். இப்போது புதுக் கேஸ்கட்டையும் ஹெட்டையும் வைத்து, போல்ட்டுகளை நடுவிலிருந்து ஓரத்துக்கு, டார்க் ரெஞ்சால் (எவ்வளவு இறுக்கம் என்று அளந்து காட்டும் ஸ்பேனர்) மேனுவல் சொல்லும் படிகளில் இறுக்குங்கள். கடைசிப் படியைக் கோணக் கணக்கில் (இத்தனை டிகிரி திருப்பு என்று) சொல்லியிருந்தால் பெரும்பாலும் போல்ட்டும் புதிதாகத்தான் போட வேண்டும். கை அளவை இந்த வேலையில் நம்பவே கூடாது. பிறகு புஷ் ராடு, ராக்கரைப் போட்டு, டாப்பட் இடைவெளி (ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவில் விடும் சிறு இடைவெளி) வைத்து, கழற்றிய மற்றதையும் பூட்டி, புது ஆயில், ஃபில்டர் போட்டு, டீசல் லைனில் மாட்டிய காற்றை வெளியேற்றுங்கள்.

ரேடியேட்டரைக் கழுவாமல் தண்ணீர் ஊற்றாதீர்கள். செட்டிநாட்டு வீடுகளில் வளவு முற்றத்து மழைநீரைப் பிடித்து வைத்துக் குடித்தவர்கள் நம் பெரியவர்கள். உப்பில்லாத தண்ணீரின் அருமை அவர்களுக்குத் தெரியும். இன்ஜினுக்கும் அதுதான் வேண்டும்: டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும், கேனில் போட்டிருக்கும் அளவில்.

ஸ்டார்ட் செய்து தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடானதும் தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) திறக்கும் வரை ஐடிலில் விடுங்கள். மறுநாள் காலை இன்ஜின் ஆறியிருக்கும்போது தண்ணீர் மட்டத்தையும் ஆயில் ஸ்டிக்கையும் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு லோடு ஏற்றுங்கள்.