தொடர் பார்த்தாச்சு, இனி எந்தப் புத்தகம்? நீல் கெய்மன் கதைகளில் பலரும் சறுக்கும் இடங்கள்

எழுத்தாளர் நீல் கெய்மனின் காமிக்ஸை வைத்து நெட்ஃபிளிக்ஸ் எடுத்த 'சாண்ட்மேன்' தொடரின் முதல் சீசனை முடித்த கையோடு பலர் நூலகத்துக்குப் போய், "முதல் சீசன் பார்த்தாச்சு, அடுத்தது இரண்டுதானே" என்று இரண்டாம் தொகுதியைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். வீட்டுக்கு வந்து புரட்டினால் எல்லாம் ஏற்கெனவே பார்த்த கதை. 1989 முதல் 1996 வரை 75 இதழ்களாக வந்த காமிக்ஸ் இது. பழைய பதிப்பு 10 தொகுதிகள்: முதல் தொகுதியில் 1 முதல் 8 வரையிலான இதழ்கள், இரண்டாவதில் 9 முதல் 16 வரை. நெட்ஃபிளிக்ஸின் முதல் 10 அத்தியாயங்கள் இந்த இரண்டையும் தீர்த்துவிட்டன. பிறகு தனியாக வெளியான 11ஆம் அத்தியாயம், 17, 18ஆம் இதழ்களில் இருக்கும் இரண்டு தனிக்கதைகள். சீசன் பத்தோடு முடிந்தது என்று நினைத்து அதைப் பார்க்காமல் விட்டவர்களும் உண்டு.

குழப்பத்தைக் கூட்டுவது புதிய பதிப்பு. அதன் முதுகில் 'வால்யூம்' என்றில்லாமல் 'புக்' என்று இருக்கும். 'புக் ஒன்' 1 முதல் 20 வரை. 'புக் டூ' 21இல் தொடங்குகிறது. பழைய முதல் தொகுதியைப் படித்துவிட்டு புதிய புக் டூவுக்குத் தாவினால் நடுவே 12 இதழ்கள் காணாமல் போகும். சிங்கப்பூரின் பிராஸ் பசா காம்ப்ளெக்ஸில் பழைய புத்தகம் வாங்கினாலும் சரி, நூலக அலமாரியில் எடுத்தாலும் சரி, அட்டையில் உள்ள எண்ணை நம்பாதீர்கள். உள்பக்கத்தில் பதிப்புரிமை வரிகளுக்கு அருகே எந்த இதழ்கள் தொகுக்கப்பட்டிருக்கின்றன என்று போட்டிருக்கும். அதைப் பார்த்து எடுங்கள்.

முதல் சீசனிலிருந்து தொடர்பவருக்குச் சரியான இடம் பழைய மூன்றாம் தொகுதி. அது மெலிந்த புத்தகம், நான்கே இதழ்கள். ஒரே மூச்சில் முடியும். இரண்டாம் சீசனின் முதுகெலும்பு நான்கு, ஏழு, ஒன்பது, பத்து ஆகிய தொகுதிகள். ஐந்தாம் தொகுதியைத் தொடர் ஏறக்குறைய முழுதாகவே ஒதுக்கிவிட்டது; அதில் வரும் வாண்டா மட்டும் வேறொரு வேலையில் தலைகாட்டுகிறார். ஆறாவதை "சில்லறைக் கதைகள்தானே" என்று தாண்டிவிடாதீர்கள். சாண்ட்மேனின் மகன் ஆர்ஃபியஸின் கதை அதில்தான் இருக்கிறது. அது தெரியாமல் ஏழாவதைப் படித்தால், அப்பனுக்கும் மகனுக்கும் நடுவே அப்படி என்னதான் நடந்தது என்று கடைசிவரை திண்டாட வேண்டியதுதான். இரண்டாம் சீசனுக்குப் பிறகு வந்த சிறப்பு அத்தியாயத்தின் மூலத்தை இந்தப் பத்தில் தேடினால் கிடைக்காது. அது 1993இல் மரணதேவதையை வைத்து வந்த தனி மூன்றிதழ்த் தொடர்.

அடுத்த சறுக்கல்: திரையில் வந்தால் பின்னால் கட்டாயம் ஒரு நாவல் இருக்கும் என்ற எண்ணம். 'நெவர்வேர்' 1996இல் முதலில் பிபிசி தொலைக்காட்சித் தொடர். நாவல் அதிலிருந்து பிறந்தது. "படம் புத்தகத்தைச் சிதைத்துவிட்டது" என்ற வழக்கமான புலம்பலுக்கு இங்கே இடமே இல்லை. 'மிரர்மாஸ்க்' நேராகத் திரைக்கென்றே எழுதப்பட்டது. 'ஸ்டார்டஸ்ட்' சார்ல்ஸ் வெஸ்ஸின் ஓவியங்களோடு வந்த கதை; 1999இல் வந்த படமில்லாத பதிப்பை மட்டும் படித்தவர்கள் பாதியைத்தான் பார்த்திருக்கிறார்கள் என்பேன். 2007 திரைப்படத்தில் கடைசியில் வரும் பெரிய சண்டையை இரண்டு பதிப்பிலும் தேடாதீர்கள். புத்தகம் அதைவிட அமைதியாக, கொஞ்சம் நெஞ்சைக் கனக்கவைத்து முடியும்.

பிள்ளைக்குப் படத்தைப் போட்டுக்காட்டிவிட்டு "புத்தகமும் அதேதான்" என்று விட்டுவிடுவது 'கோரலைன்' விஷயத்தில் நடக்கிறது. 2009 படத்தில் வரும் வைபி என்ற பையன் 2002இல் வந்த நாவலில் கிடையாது. கோரலைன் தனக்குத்தானே பேசிக்கொண்டு திரியாமல் இருக்க, பேச்சுத்துணைக்கு ஓர் ஆள் வேண்டுமென்று இயக்குநர் ஹென்றி செலிக் சேர்த்தது. சின்ன மாற்றம்போலத் தெரியும்; முடிவையே அது திருப்பிவிட்டது. நாவலில் கோரலைன் கிணற்றின் வாய்மீது ஒரு காகித மேசைவிரிப்பை விரிக்கிறாள். பொம்மைக் கோப்பைகளில் தண்ணீர் ஊற்றி ஓரங்களில் பாரம் வைக்கிறாள். நடுவில், மாய உலகின் கதவைத் திறக்கும் சாவி. பொம்மைகளோடு தேநீர் விருந்து நடத்துவதுபோல் பாசாங்கு. அந்த உலகின் பொய்யம்மாவிடமிருந்து துண்டாகி வந்த கை பாய்ந்து சாவியைப் பிடிக்கிறது, காகிதம் சரிகிறது, சாவியும் கையும் கிணற்றுக்குள். ஒரு சிறுமி தன் புத்தியால் மட்டுமே ஜெயிக்கும் இடம் இது. படத்தில் அந்தக் கையைக் கல்லால் நொறுக்குவது வைபி. தொடக்கநிலை 4, 5 பிள்ளையோடு இரண்டையும் ஒப்பிட்டுப் பேச இதைவிட நல்ல காட்சி கிடைக்காது.

இன்னொன்று: பி. கிரெய்க் ரஸ்ஸல் வரைந்த 'கோரலைன்' காமிக்ஸைப் படத்தின் மூலம் என்று நினைப்பது. அது நாவலை ஒட்டி 2008இல் வந்தது. அதிலும் வைபி இல்லை. நூலகத்தில் காமிக்ஸ் 741.5 என்ற எண்ணின் கீழ் இருக்கும், நாவல் புனைகதை அலமாரியில். தேடும்போது பெயரைக் 'கரோலைன்' என்று தட்டினால் வேறு ஏதாவதுதான் வரும். கதைக்குள்ளேயே அந்தப் பெண்ணுக்கு இருக்கும் தீராத தொல்லை அது.

ஒரே பாத்திரம் இரண்டு தொடரில் வந்தால் இரண்டும் ஒரே உலகம் என்று முடிவுகட்டுவதும் தவறு. டாம் எல்லிஸ் நடித்த துப்பறியும் தொடரான 'லூசிஃபர்' வேறு, 'சாண்ட்மேனில்' குவென்டலின் கிறிஸ்டி நடித்த லூசிஃபர் வேறு. துப்பறியும் தொடரை ரசித்துவிட்டு மைக் கேரியின் 75 இதழ் 'லூசிஃபர்' காமிக்ஸை எடுத்தால் 'லக்ஸ்' மதுக்கூடம் இருக்கும். வாரம் ஒரு கொலை வழக்கு இருக்காது. 'டெட் பாய் டிடெக்டிவ்ஸ்' கதையில் துப்பறியும் பேய்ச் சிறுவர்களும் அப்படியே. 'டூம் பேட்ரோல்' தொடரின் மூன்றாம் சீசனில் தோன்றியவர்கள் வேறு நடிகர்கள், 2024 நெட்ஃபிளிக்ஸ் தொடரில் வேறு. பின்னதுதான் 'சாண்ட்மேன்' தொடரோடு ஒட்டியது.

வயது விஷயத்தில் எழுத்தாளர் பெயரை நம்பவே கூடாது. 'கோரலைன்' பிடித்த பிள்ளைக்கு அதே ஆளின் கதை என்று 'சாண்ட்மேனை' ஓடவிட்டால், ஐந்தாம் அத்தியாயத்தில் சாப்பாட்டுக் கடைக்குள் நடப்பதைப் பார்த்து நீங்களே ரிமோட்டைத் தேடுவீர்கள். சிங்கப்பூர் வகைப்பாட்டில் பிஜி13 வரை பெற்றோருக்கான ஆலோசனைதான்; என்சி16 (16 வயது நிரம்பியவர்களுக்கு மட்டும்) முதல் கட்டுப்பாடு. வீட்டில் ஒரே கணக்கை எல்லாரும் பயன்படுத்துகிறீர்களென்றால் பிள்ளைக்குத் தனி புரொஃபைல் திறந்து வயது வரம்பை அமையுங்கள். உங்கள் புரொஃபைலுக்கு ரகசிய எண் (PIN) போடுங்கள். இரண்டாவதை மறந்தால் முதலாவதால் பயனில்லை.