பஸ்ஸில் பக்கத்தில் நிற்பவர் பார்த்தாலும் பரவாயில்லை: போனைத் திறக்கச் சரியான வழி

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் நிற்கிறவர்கள் எல்லாரும் உட்கார்ந்திருப்பவர் மேல் சாய்வார்கள். போன வாரம் அப்படிச் சாய்ந்தபோது, ஒரு தம்பி போனில் கோடு இழுத்துத் திறந்தது கண்ணில் பட்டது. 'ட'. இறங்கும்போது அவனிடம் சொன்னேன். "இருங்கண்ணா" என்று அங்கேயே மாற்றினான். புதியது 'ப'.

9 புள்ளிகளில் 3,89,112 விதமாகக் கோடு போடலாம். ஆனால் புள்ளிக்கோலம் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு ஒருமுறை பார்த்தாலே போதும். அமெரிக்கக் கடற்படை அகாடமி ஆய்வாளர்கள் 2017-இல் சோதித்தார்கள். ஆறு புள்ளிக் கோட்டை ஒரே தடவை பார்த்தவர்களில் நூற்றுக்கு 64 பேர் அப்படியே போட்டுக் காட்டினார்கள். ஆறு இலக்க எண் என்றபோது 11 பேர்தான்.

முதல் வேலை: செட்டிங்ஸில் செக்யூரிட்டி, அதற்குள் ஸ்கிரீன் லாக். (கம்பெனிக்குக் கம்பெனி பெயர் கொஞ்சம் மாறும்.) பேட்டர்னை எடுத்துவிட்டு ஆறு இலக்க பின் நம்பர் வையுங்கள். பிறந்த தேதி வேண்டாம். ஜிபேயில் போடும் யுபிஐ பின்னையே இங்கேயும் வைக்கவே வேண்டாம். ஒன்றைப் பார்த்தவனுக்கு இரண்டும் கிடைத்துவிடும்.

இரண்டாவது, கைரேகை. வெளியிடத்தில் இதைவிட நல்லது இல்லை, பார்ப்பதற்கே ஒன்றும் கிடையாது. சிக்கல் வேறு இடத்தில். எங்கள் பெரியம்மா செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வேலை செய்கிறவர். விரல் நுனி தேய்ந்து, போன் பத்துத் தடவைக்கு ஒருமுறைதான் திறக்கும். கையைக் கழுவித் துடைத்துவிட்டு, அதே கட்டைவிரலை இரண்டு முறை தனித்தனியாகப் பதிந்தோம். அதிகம் தேயாத இடது கை மோதிர விரலையும் சேர்த்தோம். இப்போது அந்த மோதிர விரல்தான் கைகொடுக்கிறது.

முகம் காட்டித் திறப்பது? விலை குறைந்த பல போன்களில் அது வெறும் முன்கேமராதான், போட்டோவைக் காட்டியே ஏமாற்றிவிட வாய்ப்புண்டு. நான் வைத்துக்கொள்வதில்லை.

பேட்டர்னை விட மனசில்லையா? சரி, ஸ்கிரீன் லாக் பக்கத்தில் இருக்கும் பற்சக்கரத்தைத் தொட்டு, 'மேக் பேட்டர்ன் விசிபிள்' என்பதை அணையுங்கள். கோடு திரையில் தெரியாது. ஆனால் தட்டுவடை செட் தின்ற கையோடு இழுத்தால், போனைச் சாய்த்துப் பார்க்கிறவருக்கு எண்ணெய்த் தடமே வழி சொல்லும். துடைத்துவிடுங்கள்.

அப்புறம் ஓடிபி. பூட்டிய திரையிலேயே அது பளிச்சென்று வந்தால் இவ்வளவு செய்தும் வீண். நோட்டிபிகேஷன் செட்டிங்ஸில் பூட்டுத்திரையில் விவரம் காட்டாதபடி மாற்றுங்கள்.

ஐபோன்காரர்கள் 17.3 பதிப்பிலிருந்து வந்த 'ஸ்டோலன் டிவைஸ் புரொடெக்‌ஷன்' வசதியை (திருடனுக்கு உங்கள் பின் தெரிந்தாலும், வெளியிடத்தில் முகமோ கைரேகையோ இல்லாமல் முக்கியமானவற்றை மாற்ற விடாது) இயக்கிவிடுங்கள்.

போனை அணைத்துப் போட்டால் கைரேகை எடுபடாது, பின் நம்பரைத்தான் கேட்கும். அதனால் முதல் இரண்டு நாள் வீட்டிலேயே கையால் போட்டுப் பழகிவிட்டு, பிறகு பஸ் ஏறுங்கள்.