முகத்துக்கேற்ற கூலிங்கிளாஸ்: ஐந்தைத் தவறாக வாங்கியவள் சொல்வது

என் மேசை இழுப்பறையில் ஏழு கூலிங்கிளாஸ்கள் இருக்கின்றன. போட்டுக்கொள்வது இரண்டை மட்டும்தான். மற்ற ஐந்தும் கடையில் அழகாகத் தெரிந்து, வீட்டுக்கு வந்ததும் குணம் மாறியவை.

எனக்கு வட்ட முகம். மூக்குத்தண்டு சற்றுத் தாழ்வு. வட்ட முகத்துக்குக் கோணமான பிரேம்தான் பொருந்தும் என்று எங்கோ படித்துவிட்டு, கோணம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்கியவை அந்த ஐந்தில் மூன்று. முதலாவதைப் போட்டுக்கொண்டு எடுத்த படத்தைப் பார்த்த அண்ணன் மகள், "அத்தை, நீங்கள் கண்ணாடியைப் போட்டிருக்கிறீர்களா, கண்ணாடி உங்களைப் போட்டிருக்கிறதா?" என்று கேட்டாள். வடிவத்தில் குறை ஒன்றும் இல்லை. அகலம்தான் என் முகத்துக்கு ஒன்றரை மடங்கு போலத் தெரிந்தது.

அதனால் முக வடிவத்தைச் சற்று ஒதுக்கி வையுங்கள். முதலில் அகலத்தைப் பார்ப்போம்.

பிரேமின் இரு ஓரங்களும் உங்கள் நெற்றிப்பொட்டுகளின் அகலத்துக்கு ஏறக்குறைய வந்து நிற்க வேண்டும். காதில் மாட்டும் கைகள் வெளிப்பக்கமாக வளைந்து நின்று, கழற்றிய பிறகு பொட்டில் கோடு பதிந்திருந்தால் பிரேம் சிறியது. இருபுறமும் ஒரு விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தால் பெரியது. குனிந்தவுடன் வழுக்கும், முகமும் சுருங்கித் தெரியும். பெரிய கண்ணாடிதான் பிடிக்கும் என்பவர்கள் லென்ஸின் உயரத்தைக் கூட்டிக்கொள்ளலாம். அகலத்தைக் கூட்டினால்தான் வம்பு.

இதைக் கண்ணால் மட்டும் கணிக்க வேண்டியதில்லை. பெரும்பாலான பிரேம்களில் கையின் உட்பக்கம் பொடி எழுத்தில் மூன்று எண்கள் இருக்கும். 52, அடுத்து ஒரு சிறு சதுரம், 18, பிறகு 140 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். 52 மில்லிமீட்டர் என்பது ஒரு லென்ஸின் அகலம். 18 இரண்டு லென்ஸுக்கும் இடையில் மூக்கின் மேல் வரும் பாலத்தின் அகலம். 140 கையின் நீளம். உங்களுக்கு நன்றாகப் பொருந்தும் கண்ணாடி ஒன்று வீட்டில் இருந்தால், அது படிக்கப் போடுவதாக இருந்தாலும் சரி, அதன் எண்களைக் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள். லென்ஸ் அகலம் இரண்டு மில்லிமீட்டர் முன்பின் இருக்கலாம். என் முகத்துக்கு 50 போதும். நான் முதலில் வாங்கியது 58. இரண்டு லென்ஸுக்குமாக 16 மில்லிமீட்டர் கூடுதல். அண்ணன் மகள் கேட்டதில் தப்பில்லை.

அடுத்தது மூக்கு. முக வடிவ அட்டவணைகளில் இதற்கு இடமே இருப்பதில்லை. எனக்கு அதில் கோபம் உண்டு. மூக்குத்தண்டு தாழ்வாக இருப்பவர்களுக்குக் கண்ணாடி கீழே இறங்கிக் கன்னத்தில் உட்கார்ந்துகொள்ளும். சிரித்தால் கன்னம் அதை மேலே தள்ளும், சிரித்து முடித்தால் மீண்டும் இறங்கும். முகத்துக்கு எவ்வளவு பொருத்தமான வடிவமாக இருந்தாலும், நாள் முழுவதும் ஒரு விரலால் தூக்கிவிட்டுக்கொண்டே இருப்பவரைப் பார்த்தால் யாருக்கு அழகு தோன்றும்? இத்தகைய மூக்குக்கு மூக்கின் இருபுறமும் உட்காரும், வளைத்துச் சரிசெய்யக்கூடிய சிறு பேடுகள் வைத்த உலோகப் பிரேம் நல்லது. பிளாஸ்டிக்தான் வேண்டும் என்றால், பேடு தடிப்பாக வார்க்கப்பட்டதாகப் பாருங்கள். நீளமான மூக்கு உறுத்துகிறது என்பவர்கள், பாலம் சற்றுக் கீழே அமைந்த பிரேமைப் போட்டுப் பார்க்கலாம்; மூக்கு அங்கிருந்துதான் தொடங்குகிறது என்று பார்ப்பவர் கண் எடுத்துக்கொள்ளும். பாலம் மேலே இருந்தால் மூக்கு இன்னும் நீளும்.

புருவத்தையும் ஒரு பார்வை பாருங்கள். பிரேமின் மேல்விளிம்பு புருவத்தின் சாய்வோடு சேர்ந்து போக வேண்டும். புருவம் ஒரு பக்கம் ஏற, பிரேம் வேறு பக்கம் இறங்கினால் முகத்தில் இரண்டு அபிப்பிராயங்கள் இருப்பது போலத் தோன்றும். விளிம்புக்கு மேலே புருவம் கொஞ்சம் எட்டிப் பார்க்கலாம், அல்லது விளிம்பிலேயே மறையலாம். பிரேமுக்கு மேலே அரை அங்குலம் தள்ளி நின்றால் எப்போதும் திகைத்தவர் போல இருப்பீர்கள்.

இவ்வளவும் ஆன பிறகுதான் முக வடிவம். அதைக் கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்த நல்ல வழி ஒரு சோப்புத் துண்டு. தலைமுடியை இழுத்துக் கட்டிக்கொண்டு நிலைக்கண்ணாடி முன் நேராக நில்லுங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தலையை அசைக்காமல், கண்ணாடியில் தெரியும் முகத்தின் ஓரத்தை ஈரச் சோப்பால் வரையுங்கள். வரைந்த முகம் உங்கள் முகத்தில் பாதி அளவுதான் இருக்கும். பயப்பட வேண்டாம், சமதளக் கண்ணாடியில் எவ்வளவு தள்ளி நின்று வரைந்தாலும் அப்படித்தான் வரும். நமக்கு வேண்டியது விகிதம் மட்டுமே: நெற்றி, கன்ன எலும்பு, தாடை இவற்றில் எது அகலம், மொத்த நீளம் அகலத்தைவிட எவ்வளவு கூடுதல்.

நீளமும் அகலமும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்து, கன்னம் ததும்பினால் வட்ட முகம். உயரம் குறைந்து அகலம் நீண்ட செவ்வகப் பிரேம், மேல்விளிம்பு கனத்துக் கீழே ஒடுங்கும் பிரேம், கை மேல்மூலையில் இணைந்திருப்பது ஆகியவை முகத்துக்குக் கொஞ்சம் எலும்பு கொடுக்கும். நெற்றியும் தாடையும் ஒரே அகலத்தில் இருந்து, தாடை மூலை கூர்மையாகத் தெரிந்தால் சதுரம். என் அண்ணன் இந்த வகை. கட்டம் கட்டமான தடித்த கறுப்புப் பிரேமைப் போட்டால் வழக்குத் தொடுக்கப் போகிறவர் போல இருப்பார். மெல்லிய கம்பியில் வட்டமானதைப் போட்டதும் கடன் கேட்கலாம் போலத் தோன்றும். கண்ணீர்த்துளி போலக் கீழே சரியும் ஏவியேட்டரும் சதுர முகத்துக்கு நன்றாக வரும். விமானிகளின் கண் கூசாமல் இருக்க உருவாகி, 1937-இல் பொதுவிற்பனைக்கு வந்த வடிவம் அது. குனிந்து கருவிகளைப் பார்க்கும்போதும் கண் மறைய வேண்டும் என்பதால்தான் லென்ஸ் அவ்வளவு தூரம் கீழே இறங்குகிறது. கன்னம் தூக்கலாக இருக்கும் எனக்கு அது ஆகவே ஆகாது. இழுப்பறையில் கிடக்கும் நான்காவது அதுதான்.

நீள முகத்துக்கு லென்ஸின் உயரம் வேண்டும். ஒடுங்கிய கீற்றுப் போன்ற கண்ணாடி முகத்தை இன்னும் நீட்டும். கைகள் மட்டும் வேறு நிறத்தில் இருந்தால் பார்வை பக்கவாட்டில் போகும், அதுவும் உதவும். தாடை அகன்று நெற்றி குறுகியவர்களுக்கு மேல்பாகம் கனத்த பிரேம், குறிப்பாக ஓரம் மேல்நோக்கி ஏறும் பூனைக்கண் வடிவம். 1930களின் பிற்பகுதியில் அல்டினா ஷினாசி என்ற பெண்மணி, முகமூடியின் வடிவத்தைப் பார்த்து இந்த வகைப் பிரேமை வடிவமைத்தார். பெண்களுக்கென்று கிடைத்த கண்ணாடிகள் சலிப்பூட்டுகின்றன என்பதுதான் அவருடைய குறை.

நெற்றி அகன்று மோவாய் ஒடுங்கிய முகத்துக்கும் பூனைக்கண்தான் என்று பல அட்டவணைகள் சொல்கின்றன. எனக்கு உடன்பாடில்லை. ஏற்கெனவே அகன்ற இடத்தில் ஏன் இன்னும் அகலம் சேர்க்க வேண்டும்? மேல்விளிம்பு மெலிந்து, வெளிர்நிறத்தில், கீழே வளைவாக இருப்பதைப் போட்டுப் பாருங்கள். கன்ன எலும்பு மட்டும் அகன்று மேலும் கீழும் ஒடுங்கினால், பிரேம் கன்ன எலும்பைவிட அகலமாகப் போகாமல் பார்த்துக்கொண்டால் போதும். நீள்வட்ட முகத்தினருக்கு எதுவும் பொருந்தும். அவர்கள் இதைப் படிக்கவே வேண்டியதில்லை.

முகத்தில் எது தூக்கலோ அதற்கு எதிரானதைப் போடு என்பதுதான் இந்த எல்லா ஆலோசனைக்கும் அடிப்படை. ஆனால் நான் விரும்பிப் போடும் இரண்டில் ஒன்று வட்டமானது. வட்ட முகத்துக்கு விலக்கப்பட்டது என்று எல்லாரும் சொல்லும் அதே வட்டம். அகலம் சரியாக இருக்கிறது, மூக்கில் பேடு இருக்கிறது, புருவம் மேலே தெரிகிறது, பிரேம் கண்ணாடி போலத் தெளிந்த தேன்நிறம். என் வட்டத்தை மறைக்க விரும்பாத நாட்களில் அதைத்தான் எடுக்கிறேன்.

லென்ஸில் ஏமாறாதீர்கள். கறுப்பாக இருப்பதற்கும் புறஊதாக் கதிரைத் தடுப்பதற்கும் தொடர்பில்லை. கறுப்பு லென்ஸுக்குப் பின்னால் கண்மணி விரியும். தடுப்பு இல்லாவிட்டால் அந்த விரிந்த வழியாகவே கதிர் உள்ளே போகும். யூவி 400 என்ற குறிப்பு இருந்தால் 400 நானோமீட்டர் வரையிலான கதிர்களைத் தடுக்கிறது என்று பொருள். நிற அடர்த்திக்கு 0 முதல் 4 வரை வகை உண்டு. வெயிலில் நடமாட 3 சரி, அது ஒளியில் 8 முதல் 18 சதவீதத்தை மட்டும் விடும். 4 வண்டி ஓட்டும்போது கூடாது. அழகு என்று பார்த்தால், மேலே கறுத்துக் கீழே வெளுக்கும் லென்ஸ் முகத்தின் கனத்தைக் குறைக்கும். பளபளக்கும் கண்ணாடிப் பூச்சு கூட்டும். போலரைஸ்டு லென்ஸ் தண்ணீரிலும் சாலையிலும் எழும் பளபளப்பை அடக்கும், சில கோணங்களில் கைப்பேசித் திரை இருண்டு தெரியும்.

கடையில் போட்டதும் கண்ணாடியைப் பார்த்துப் புன்னகைப்பதோடு நிறுத்தாதீர்கள். குனிந்து காலணியைப் பாருங்கள், தலையை இல்லை என்பது போல ஆட்டுங்கள், வாய்விட்டுச் சிரியுங்கள். கைநீட்டித் தற்படம் எடுக்க வேண்டாம். அருகில் வைத்த கேமரா மூக்கைப் பெரிதாக்கிவிடும். கூட வந்தவரை ஐந்தாறு அடி தள்ளி நின்று எடுக்கச் சொல்லுங்கள். கொஞ்சம் வழுக்குகிறது, ஒரு பக்கம் சாய்கிறது என்றால் உடனே வேண்டாம் என்று வைத்துவிடவும் வேண்டாம். அசிடேட் என்ற பிளாஸ்டிக் வகையில் செய்த கைகளைச் சூடுபடுத்தி, காதுக்குப் பின்னால் இறங்கும் வளைவை மாற்ற முடியும். இழுப்பறையில் உள்ள ஐந்தாவதன் கோளாறு அது மட்டும்தானோ என்று எழுதும்போதே சந்தேகம் வந்துவிட்டது. நாளை கொண்டுபோய்க் காட்ட வேண்டும்.