முன் லோடர் பூட்டிய டிராக்டருக்குப் பின் எடை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பின்னால் ஒன்றுமே மாட்டாமல் லோடரில் மண் அள்ளும் டிராக்டரைக் கொஞ்சம் தள்ளி நின்று கவனியுங்கள். பக்கெட் நிறைந்து எழும்போது முன் டயர்கள் பிதுங்கும். பின் டயர்கள் தரையை லேசாகத் தொட்டுக்கொண்டு நிற்கும். ஓட்டுபவருக்கு இது உடனே தெரிவதில்லை. ஹைட்ராலிக் தூக்கிவிட்டது, வண்டியும் நகர்கிறது, பிறகென்ன குறை என்றுதான் தோன்றும். ஆனால் லோடரால் தூக்க முடிகிற எடை வேறு, டிராக்டர் நிலைகுலையாமல் சுமக்கிற எடை வேறு. இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியை நிரப்பத்தான் பேலஸ்ட் எனப்படும் பின் எடை.

பக்கெட்டின் சுமை முன் ஆக்சிலுக்கும் முன்னால் தொங்குகிறது. அதனால் கடப்பாரைக்கு அடியில் வைத்த கல்லைப்போல முன் ஆக்சில் ஆகிவிடுகிறது: முன்னால் அழுத்த அழுத்தப் பின்பக்கம் எழும்பும். கணக்கும் எளிது. இரண்டு ஆக்சில்களுக்கும் இடைவெளி 2 மீட்டர், முன் ஆக்சிலிலிருந்து சுமையின் மையம் 1.5 மீட்டர் முன்னால், சுமை 500 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பின் ஆக்சிலிலிருந்து 375 கிலோ கழன்றுவிடும். முன் ஆக்சில்மேல் ஏறுவது 500 அல்ல, 875 கிலோ. லோடரின் சொந்த எடை இதில் சேரவே இல்லை. பக்கெட்டைக் கழற்றிவிட்டு ஃபோர்க் (முன்னால் நீட்டிய இரும்புக் கரங்கள்) மாட்டினால் சுமையின் மையம் இன்னும் முன்னே போய்விடும். அதே 500 கிலோ அப்போது இன்னும் அதிகமாகப் பின்பக்கத்தைத் தூக்கும்.

பின் சக்கரம் லேசானால் இழுவை குறையும், சக்கரம் சுற்றும் என்பது எல்லாருக்கும் தெரியும். அதைவிடப் பெரிய ஆபத்துகள் இரண்டு உண்டு.

முதலாவது பிரேக். பெரும்பாலான டிராக்டர்களில் பிரேக் பின் சக்கரங்களில் மட்டும்தான். இறக்கத்தில் பாரத்தோடு போகையில் பின் சக்கரத்துக்குப் பிடிமானம் இல்லையென்றால், மிதியை எவ்வளவு அழுத்தினாலும் வண்டி வழுக்கிக்கொண்டு இறங்கும். ஃபோர் வீல் டிரைவ் உள்ள வண்டியானால் இறக்கத்துக்கு முன்பே அதைப் போட்டுவிட வேண்டும். அப்போது முன் சக்கரங்களும் பிரேக்கின் பிடிக்குள் வரும்.

இரண்டாவது பக்கவாட்டில் கவிழ்வது. முன் ஆக்சில் நடுவில் ஒரே ஒரு இரும்பு ஆணியில் ஆடும்படி பொருத்தப்பட்டிருக்கிறது. மேடுபள்ளத்துக்கு ஏற்ப அது சாய்ந்து கொடுக்கும். ஆகவே வண்டி பக்கவாட்டில் சாயாமல் நிற்பது பெரும்பாலும் பின் சக்கரங்களை நம்பித்தான். அவற்றில் எடை இல்லாதபோது ஒரு பக்கச் சக்கரம் சிறு கல்மேல் ஏறினாலும் போதும், வண்டி மூலைவாட்டில் சாய்ந்துவிடும். பக்கெட் உயரத்தில் இருந்தால் சுதாரிக்க நேரமே இருக்காது.

வீல் வெயிட் போட்டாயிற்றே, போதாதா?

அதிகம் பேர் தவறுவது இங்கேதான். பின் டயரில் தண்ணீர் நிரப்புவதும், ரிம்மில் வீல் வெயிட் எனப்படும் இரும்பு எடைகளை மாட்டுவதும் நல்ல காரியம்தான். ஆனால் அந்த எடை நேராகப் பின் ஆக்சிலின் இடத்திலேயே உட்கார்ந்துவிடுகிறது. முன் ஆக்சிலின் பாரத்தில் ஒரு கிலோகூடக் குறையாது.

மேலே சொன்ன அதே டிராக்டரில் 500 கிலோவை வீல் வெயிட்டாகப் போட்டால் பின்னால் 500 கிலோ கூடும், முன் ஆக்சிலின் கூடுதல் பாரம் 875 கிலோவாகவே நிற்கும். அதே 500 கிலோவைப் பின் ஆக்சிலுக்கு 1 மீட்டர் பின்னால், மும்முனை ஹிட்ச்சில் (கலப்பை போன்ற கருவிகளை மாட்டும் மூன்று இணைப்புகளில்) மாட்டிப் பாருங்கள். பின்னால் 750 கிலோ கூடும், முன்னால் 250 கிலோ இறங்கும். முன் ஆக்சில், ஸ்டீயரிங், வீல் பேரிங், ஆயில் சீல் எல்லாம் அந்த 250 கிலோவின் நிம்மதியை உணரும். முன் சீல்கள் அடிக்கடி ஒழுகுகிறது என்று சீலை மட்டும் மாற்றிக்கொண்டிருப்பவர்கள், பின்னால் என்ன மாட்டியிருக்கிறோம் என்று ஒருமுறை பார்ப்பது நல்லது. என்னைக் கேட்டால் டயர் எடையும் ஹிட்ச் எடையும் சேர்ந்திருப்பதே சிறப்பு. ஒன்றுதான் முடியும் என்றால் ஹிட்ச் எடையைத்தான் சொல்வேன்.

டயரில் தண்ணீர் விடும்போது வால்வை மேலே நிறுத்தி அந்த மட்டம் வரை, அதாவது முக்கால் பங்குதான் நிரப்ப வேண்டும். முழுக்க நிரப்பினால் காற்றுக்கு இடமில்லாமல் டயர் விறைத்து, ஒவ்வொரு குலுங்கலும் ரிம்முக்கும் ஆக்சிலுக்கும் போகும். முன் டயர்களில் தண்ணீர் வேண்டாம். அங்கே ஏற்கெனவே பாரம் மிகுதி.

மறதியால் நடக்கும் இன்னொரு தவறு: உழவு வேலைக்காக மூக்கில் மாட்டிய முன் வெயிட்டுகளைக் கழற்றாமலேயே லோடரைப் பூட்டுவது. அந்த எடை முழுவதும் முன் ஆக்சிலுக்கு வீண் சுமை.

பின்னால் எதை மாட்டுவது?

கையில் இருக்கும் கருவியையே மாட்டலாம், அதில் தவறில்லை. ரோட்டவேட்டர் போன்ற கனமான, குட்டையான கருவி ஓரளவு பொருந்தும். லேசான கல்டிவேட்டரை மாட்டிவிட்டு எடை போட்டாயிற்று என்று நினைப்பதுதான் தவறு. நீளமான கருவி கணக்கின்படி நல்ல நெம்புகோல் தரும், ஆனால் லோடர் வேலையே குறுகிய இடத்தில் முன்னும் பின்னும் திரும்பிக்கொண்டே இருப்பது. வால் எங்கே வீசுகிறது என்று ஓட்டுபவருக்குத் தெரியாது. சுவரோ, கம்பமோ, பின்னால் நிற்கும் ஆளோ அதில் மாட்டிக்கொள்ளலாம்.

இதற்கென்றே வார்த்த கான்கிரீட் கட்டை எல்லா வகையிலும் மேல். ஒரு கன மீட்டர் கான்கிரீட் ஏறத்தாழ 2,400 கிலோ இருக்கும். கால் கன மீட்டரிலேயே 600 கிலோ கிடைத்துவிடும், டிராக்டரின் அகலத்துக்குள்ளும் அடங்கும். மணல் மூட்டைகளைக் கயிற்றால் லிஃப்ட் கைகளில் (ஹிட்ச்சின் இரு கீழ்க் கரங்களில்) கட்டித் தொங்கவிடுவது கூடாது. ஆட்டத்தில் கயிறு தேயும், பாரம் ஒரு பக்கமாக நழுவும்.

ஆட்களை எடையாக ஏற்றுவதை நினைத்தாலே எனக்குப் பதறுகிறது. பின்பக்கம் எழும்புகிறது என்று லிஃப்ட் கைமேலோ மட்கார்டுமேலோ ஆட்களை உட்காரவைப்பது உயிரோடு விளையாடுவது. ஒரு குலுங்கலில் அவர் விழுகிற இடம் பின் சக்கரத்துக்கு அடியில்தான்.

மாட்டிய பிறகு செய்யும் பிழைகள்

எடையை உயரத் தூக்கி வைத்து ஓட்டாதீர்கள். தரையில் இடிக்காத அளவுக்குத் தாழ்வாக இருந்தால் போதும். பக்கெட்டுக்கும் அதே விதி: பாரத்தோடு நகரும்போது தரையை ஒட்டியே இருக்க வேண்டும், கொட்டும் இடத்தில் நின்ற பிறகே உயர்த்த வேண்டும். லிஃப்ட் கைகளைப் பக்கவாட்டில் பிடித்து நிறுத்தும் செக் செயினை இறுக்கி, எடை பக்கவாட்டில் ஆடாமல் பாருங்கள். ஹைட்ராலிக் லீவர் டிராஃப்ட் கன்ட்ரோலில் (உழவின்போது இழுவைக்கு ஏற்ப ஹிட்ச்சை ஏற்றி இறக்கும் முறை) இருந்தால் எடை தானாக ஏறி இறங்கக்கூடும், வைத்த உயரத்திலேயே நிறுத்தும் பொசிஷன் கன்ட்ரோலில் வையுங்கள்.

பின் எடை இருக்கிறது என்ற தைரியத்தில் பக்கெட்டில் அதிகம் ஏற்றுவதும் நடக்கிறது. லோடரின் வரம்பும் முன் ஆக்சிலின் வரம்பும் பின் எடையால் உயர்ந்துவிடுவதில்லை. பின்னாலும் அளவு மீறக்கூடாது. ஹிட்ச் தூக்கும் திறன், பின் ஆக்சிலின் தாங்குதிறன், பின் டயரின் சுமை வரம்பு மூன்றையும் கையேட்டில் பார்த்து, எது குறைவோ அதற்குள் நிற்க வேண்டும். முன் டயரின் காற்றழுத்தம் லோடர் வேலைக்குத் தனியாகச் சொல்லப்பட்டிருக்கும், அதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

சந்தேகம் இருந்தால் எடை மேடைக்குக் கொண்டுபோய் முன் ஆக்சிலையும் பின் ஆக்சிலையும் தனித்தனியே நிறுத்துப் பாருங்கள். பக்கெட் காலியாக ஒருமுறை, பாரத்தோடு தாழ்வாக வைத்து ஒருமுறை. ஊகத்துக்கு இடமே இருக்காது.

லோடரைக் கழற்றும் நாளில் பின் எடையையும் கழற்ற மறக்காதீர்கள். லோடர் இல்லாத டிராக்டரில் அந்த எடை முன்பக்கத்தைத் தூக்கும், ஸ்டீயரிங் சொன்னபடி கேட்காது. வண்டி எடையில் குறைந்தது 20 சதவீதமாவது முன் ஆக்சிலில் இருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. கழற்றும்போது வரிசை முக்கியம்: பின் எடை ஹிட்ச்சில் இருக்கும்போதே லோடரைத் தரையில் இறக்கிக் கழற்றுங்கள், அதன்பிறகு எடையைச் சமமான, உறுதியான தரையில் இறக்குங்கள். சரிவில் இறக்கி வைத்த கட்டை, டாப் லிங்க்கின் (ஹிட்ச்சின் மேல் இணைப்புக் கம்பியின்) ஆணியை உருவியதும் ஆள்மேலேயே சாயலாம்.