தனிக் கிட்டாரில் மெதுவான சோக இசை: மலையகத்து அறையொன்றிலிருந்து

ஹட்டனிலோ பண்டாரவளையிலோ மழைக்கால மாலையொன்றில், ஒரேயொரு கிட்டாரை வைத்துக்கொண்டு மெதுவான, சோகம் படிந்த சூழலிசையை அமைக்க விரும்புபவர், வாசிக்கும் வேகத்தைக் குறைப்பதே முதல் வேலை என எண்ணிவிடுகிறார். வேகம் தானாகவே குறையும். முதலில் மாற்ற வேண்டியது சுருதி.

ஆறாம், இரண்டாம், முதலாம் கம்பிகளை வழக்கமான சுருதியிலிருந்து இரண்டு பிரெட் (கிட்டார்க் கழுத்தின் குறுக்கே உள்ள உலோகக் கட்டை) அளவு இறக்கினால், தடித்த கம்பியிலிருந்து டி, ஏ, டி, ஜி, ஏ, டி என்ற வரிசை கிடைக்கும். டியை ஷட்ஜமாக, அதாவது அடிப்படைச் சுரமான ‘ச’வாகக் கொண்டால் இது ச, ப, ச, ம, ப, ச; கோயிலில் நாதஸ்வரத்துக்குப் பின்னால் ஒரே சுரத்தை நீட்டி ஒலிக்கும் ஒத்துக் குழலைக் கேட்டு வளர்ந்த காதுக்கு இது அந்நியமாக இராது. இவ்வரிசையில் காந்தாரம் (க) இல்லை. மகிழ்ச்சியா துயரமா என்பதைக் காட்டிக்கொடுக்கும் சுரம் அதுவே என்பதால், அதை எப்போது வெளியிடுவது என்பது முழுக்க உங்கள் கையில் இருக்கிறது. திறந்த கம்பிகளை ஒன்றிரண்டு நிமிடங்கள் ஒலிக்கவிட்டு, கேட்பவர் அந்த வெறுமைக்குப் பழகிய பின்னர், நான்காம் கம்பியின் மூன்றாம் பிரெட்டில், சோகம் தரும் தாழ்ந்த காந்தாரமான ‘சாதாரண காந்தார’த்தை ஒரே ஒருமுறை தொடுங்கள். அடிக்கடி தொட்டால் துயரம் புலம்பலாகிவிடும். புலம்பலிலும்கூட, ஒப்பாரி வைக்கும் நம் பாட்டிமார் அடிக்கு அடி மூச்சை நிறுத்தத் தெரிந்தவர்கள்.

அடுத்து, விரல் கம்பியில் படும் ஓசையை மறைக்க வேண்டும். கிட்டாரின் வொலியூம் குமிழைப் பூச்சியத்தில் வைத்துக் கம்பியை மீட்டி, உடனே சுண்டுவிரலால் குமிழை மெல்லத் திருப்பினால், சுரம் வில்லால் இழுக்கப்பட்டதுபோல் எழும். இதற்குக் காலால் இயக்கும் வொலியூம் பெடலைப் பயன்படுத்துபவர் அதை டிலேக்கு (ஒலியைச் சற்றுத் தாமதித்துத் திரும்ப ஒலிக்கும் கருவி) முன்னால் இணைக்க வேண்டும். பின்னால் இணைத்தால், பெடலை மூடும்போது எதிரொலியும் சேர்ந்து அறுந்துவிடும். டிலேயை 600 முதல் 800 மில்லி செக்கனுக்கும், பெரிய மண்டபத்தில் ஒலி நீள்வதுபோன்ற முழக்கத்தைத் தரும் ரிவேர்பை 6 முதல் 8 செக்கனுக்கும் வைத்துத் தொடங்கலாம். முந்திய சுரம் ஏறத்தாழ மறையும்வரை அடுத்ததை மீட்டாதிருப்பதே கடினமான பயிற்சி.

1970களின் தொடக்கத்தில் ஆங்கிலேய இசைக்கலைஞர் பிரயன் ஈனோவும் கிட்டார் கலைஞர் ரொபர்ட் ஃபிரிப்பும் இரண்டு நாடாப் பதிவுக் கருவிகளுக்கிடையே ஒரே நாடாவை ஓடவிட்டு, கிட்டாரைத் தன்மேலேயே அடுக்கினார்கள். இன்று அதற்கு, வாசித்த துண்டைப் பதிந்து திரும்பத் திரும்ப (லூப்பாக) ஒலிக்கும் லூப்பர் கருவி போதும். இரண்டு லூப்களை ஒரே நீளத்தில் அமைக்காதீர்கள்: ஒன்று 17 செக்கனும் மற்றது 23 செக்கனுமாக இருந்தால், அவை மீண்டும் ஒன்றாகத் தொடங்க 391 செக்கன், அதாவது ஆறரை நிமிடம் ஆகும். அதுவரை ஒரு சேர்க்கை அப்படியே திரும்பாது.

தகரக் கூரையின் கீழ் மைக் வைத்துப் பதிவது வீண்முயற்சி. கிட்டாரை வயர் மூலம் நேரடியாகப் பதிந்துகொண்டு, மழையைத் தனியாகக் கைத்தொலைபேசியில் பதிந்து, மிகத் தணிவாகச் சேர்ப்பதே நல்லது. வயரில் வரும் கரண்ட் இரைச்சல்தான் அங்கே பெரிய தொல்லை. நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் (செக்கனுக்கு 50 அதிர்வு) என்பதால் இரைச்சல் 50இலும் அதன் மடங்கான 100இலும் கேட்கும். ஆறாம் கம்பியின் ஐந்தாம் பிரெட்டில் ஒலிக்கும் மத்தியமமோ (ம) 98 ஹேர்ட்ஸ். இரண்டும் மோதுவதால், அச்சுரம் நீளும்போது செக்கனுக்கு ஏறத்தாழ இருமுறை ஒலி ஏறி இறங்கும். கிட்டார் பழுதென்று எண்ணிவிட வேண்டாம். மின்மாற்றியிலிருந்து விலகி, இரைச்சல் குறையும் திசைக்குத் திரும்பி அமருங்கள். 80 ஹேர்ட்ஸுக்குக் கீழுள்ள அனைத்தையும் வெட்டும் அவசரமும் வேண்டாம், ஏனெனில் உங்கள் அடிக் கம்பியின் ஷட்ஜமே 73 ஹேர்ட்ஸில்தான் இருக்கிறது.

கடைசிச் சுரத்தை மீட்டிய பின்னர் குறைந்தது 20 செக்கனுக்குக் கம்பியில் கை வைக்காமல், பதிவையும் நிறுத்தாமல் இருங்கள். வாசித்து முடித்ததும் கம்பிகளை உலர்ந்த துணியால் துடைத்து, கிட்டாரைப் பெட்டிக்குள் வைத்து மூடுங்கள். நுவரெலியா ஈரத்தில் சுவரில் தொங்கும் கிட்டாரின் பலகை ஊதி, கம்பிகள் பிரெட்டிலிருந்து உயர்ந்துவிடும்.